யாரும் வர முடியாத கிளை

தீவிர சிகிச்சைக் கருவி ஒன்றின் கெர்னல் என்ற அடிப்படை நிரலில், கண்டபடி தாவிச் செல்லும் வழிகளை நவநீத் சீராக்கியிருந்தான். தம்பானூர் அலுவலகத்தில் பத்மஜா அதைச் சரிபார்த்தாள். எந்த வழியாகவும் போய்ச் சேர முடியாத ஒரு நிரல் கிளையை அவன் நீக்கியிருந்தான். அதில் இருந்தது ஒரே ஒரு ஆங்கில வரி: ‘இங்கே யாரும் வர முடியாது.’ நீக்கியதற்கு அவள் சம்மதித்தாள்.

கருவியை இயக்கியதும் திரையில் அந்த வரி வந்தது.

“பழைய வெர்ஷனையா ஏத்தினே?” என்றாள் பத்மஜா.

“இல்ல சேச்சி, புதுசுதான். அந்த வரியே இப்ப நிரல்ல இல்ல.”

அவளும் தேடினாள். இல்லை.

“நாளைக்கு ஆஸ்பத்திரில இதை ஒரு பேஷண்டுக்கு மாட்டப்போறா. கிளையைத் திருப்பி வெச்சுடு.”

வைத்தான். மறுபடி இயக்கினான். அந்த வரி வரவில்லை. பத்மஜா நிம்மதியாக மூச்சு விட்டாள்.

பிறகு, யாரோ தட்டச்சு செய்வதுபோல், திரையில் ஒவ்வொரு எழுத்தாக வந்தது: ‘வந்துவிட்டேன்.’