நிறுத்தும் உரிமை

"சந்தவாசல் பஸ்ஸு வந்துடும் சார். கம்ப்யூட்டர நிறுத்துற பாஸ்வேர்ட சொன்னீங்கன்னா நானே நிறுத்திட்டுக் கெளம்புவேன்," என்றாள் ஜோசபின்.

ஜவ்வாது மலை மிஷன் ஆஸ்பத்திரியில் அவள் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

"அது மேனேஜருக்கு மட்டும்தாம்மா. ஓடட்டும், நீ போ," என்றார் மேனேஜர் அற்புதராஜ்.

அவளுக்குச் சுருக்கென்றது. "தெனமும் இதையே சொல்றீங்க. ராத்திரி பூரா சும்மா ஓடுது, ஜெனரேட்டர் டீசலு வீணாப் போவுது. எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?"

மேனேஜர் அவளையே பார்த்தார். பிறகு பாஸ்வேர்டைச் சொன்னார். "இனிமே நீயே நிறுத்தலாம். அதுக்கு முன்னாடி பக்கத்து ரூமை எட்டிப் பாத்துட்டு வா."

பார்த்தாள். போன வாரம் அங்கே பிரசவித்த செந்தாமரையின் குறைமாதக் குழந்தை, பஞ்சு விரித்த கூடைக்குள், மேலே எரிந்த ஒற்றை பல்பின் சூட்டில் தூங்கிக்கொண்டிருந்தது.

"இங்க இன்னும் கரண்ட் வரல. கம்ப்யூட்டர் ஓடுற வரைக்கும்தான் ஜெனரேட்டர் ஓடணும்னு ஹெட் ஆபீஸ் உத்தரவு," என்றார் பின்னாலிருந்து.

ஜோசபின் கதவை ஓசைப்படாமல் சாத்தினாள். கம்ப்யூட்டர் பக்கமே திரும்பாமல் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"இன்னாம்மா, நிறுத்தலியா?"

"பாஸ்வேர்டு மறந்து போச்சுங்க சார்."