துவாலு மேல் ஒரு பொட்டு

பெரிய மகன் அல்ஜீரியாவில் லாரி ஓட்டுகிறான். "மூணு நாளா ஓட்டுதேன், இன்னும் மணலுதாம்மா" என்பான். சின்னவன் துவாலு என்கிற தீவு நாட்டில் படகுக்கு இன்ஜின் பார்க்கிறான். "வாசல்லயும் கடலு, கொல்லையிலயும் கடலும்மா" என்பான். சண்முகக்கனி கண்ணாடியில் ஒட்டியிருந்த பொட்டுகளில் இரண்டை எடுத்து, சுவரிலிருந்த உலகப்படத்தில் ஆளுக்கொன்றாக ஒட்டினாள். அல்ஜீரியாவில் பொட்டு எங்கோ ஒரு மூலையில் கிடந்தது. துவாலுவில் பொட்டுக்கடியில் நாடே மறைந்துபோயிற்று.

"ஏளா, புள்ளைய மூடிட்டியே" என்று புருஷன் சிரித்தார்.

பதறிப்போய் நகத்தால் பெயர்த்தாள். பழைய தாள். தீவு பொட்டோடு வந்துவிட்டது. கடலில் வெள்ளையாய் ஒரு தழும்புதான் மிச்சம். கண்ணாடி முன் போய் அந்தப் பொட்டை நெற்றியில் வைத்து அழுத்தினாள். பசை பிடிக்கவில்லை. விரலை எடுக்காமல் அப்படியே நின்றாள்.