வயிற்றை இழுத்துப் பிடித்த கரிச்சான்

முருங்கைமரப் பொந்தில் குண்டுகரிச்சான் குருவியின் மனைவி அடைகாத்துக்கொண்டிருந்தாள். விடிந்தும் விடியாமலும் எதிர்க்கிளையில் அயலூர்க் கரிச்சான் ஒருவன் வந்து உட்கார்ந்தான். ஒரே மூச்சில் நீளமாகப் பாடுகிறவனுக்கே மரம் என்பது அவர்கள் வழக்கம். தோற்றால் முட்டைகளை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

வந்தவன் வயிற்றை ஒட்ட இழுத்து, மார்பை நிமிர்த்தி மிடுக்காக நின்றான். அதைப் பார்த்துக் குண்டுகரிச்சானும் அப்படியே நின்று, தோளைத் தூக்கி மூச்சை இழுத்தான். தொண்டை இறுகியது. பாட்டு பாதியிலேயே கம்மிப்போனது.

"அவ்வளவுதானா? பாவம், இன்னொரு தடவை பாடிக்கொள். பிறகு நான் பாடுகிறேன்" என்றான் வந்தவன்.

பொந்துக்குள்ளிருந்து மனைவி மெதுவாகச் சொன்னாள்: "மூச்சு கழுத்துக்குக் கீழே இறங்கவே இல்லைங்க. வயிற்றை விடுங்க."

"விட்டால் தொப்பை தெரியும். அவன் சிரிப்பான்."

"சிரிச்சுட்டுப் போகட்டும். முட்டைக்குள்ளே குஞ்சு அசையுது."

குண்டுகரிச்சான் கண்ணை மூடிக்கொண்டு வயிற்றைத் தளர்த்தினான். தோள் தானாகத் தணிந்தது. விலா இரண்டு பக்கமும் விரிய, வயிறு பந்துபோல் உருண்டது. எதிர்க்கிளையில் சிரிப்பு கேட்டது. அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் பாடினான். பாட்டு நடுங்காமல் நீண்டது. சிரிப்பு அடங்கிய பிறகும் நீண்டது.

அடுத்து அயலூர்க்காரன் முறை. அவன் வயிற்றை இன்னும் இறுக்கிக்கொண்டு தொடங்கினான். நான்கு சுரம் தாண்டுவதற்குள் இருமல் வந்துவிட்டது. அப்படியே பறந்துபோனான்.

சற்று நேரத்தில், பார்க்க யாருமில்லாத தோப்புப் பக்கமிருந்து ஒரு பாட்டு கேட்டது. பறந்துபோனவன் குரல்தான். முடிகிற வழியாக இல்லை, அவ்வளவு நீளம்.