இனி கார்டியன் வேண்டாம்

"முடியாது. நீ தலைகீழா நின்னாலும் நான் கையெழுத்துப் போடமாட்டேன்!"

பதிவு அலுவலகத்தின் நாலாம் நம்பர் ஜன்னல் முன்னால் அவர் போட்ட சத்தத்தில், வரிசையில் நின்ற அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடி உயரத்தில் லிஃப்ட் கூரைமேல் நின்று அசராமல் ஸ்பானர் பிடிக்கும் கை, இன்றைக்கு ஒரு பேனாவைத் தொட மறுத்தது.

பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு இன்றோடு பதினெட்டு முடிந்தது. மனைவியின் முதல் கல்யாணத்தில் பிறந்தவள். எட்டு வயசில் இவர் வீட்டுக்கு வந்தாள். வந்த அன்றைக்கே, "உன்னை நான் லிஃப்ட்டுன்னுதான் கூப்பிடுவேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். பத்து வருஷமாக அதுதான் பேர்.

"ஐயோ லிஃப்ட்டு, மெதுவாப் பேசேன். எல்லாரும் பார்க்கிறாங்க."

"நல்லாப் பார்க்கட்டும்!"

பெற்றவன் வேறு ஊரில் வேறு குடித்தனம். பிள்ளைக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கித் தந்ததில்லை. ஆனாலும் காகிதத்தில் அவன்தான் அப்பா. பள்ளிக்கூடத்து ரிப்போர்ட் அட்டையில் இவர் கையெழுத்துப் போட்டதெல்லாம் 'கார்டியன்' கட்டத்தில்தான்.

பதினெட்டு ஆனவளுக்குக் கார்டியன் எதற்கு?

நேற்று டீ குடிக்கும்போது கூட வேலை செய்யும் ஒயர்மேன்தான் குண்டைத் தூக்கிப் போட்டான்.

"பொண்ணு ஒரு மாசமா அம்மாகிட்ட குசுகுசுன்னு பேசுதுங்கிறீங்க. பெத்தவனுக்கு லெட்டர் வேற போட்டிருக்கு. இப்ப உங்களை ரெஜிஸ்டர் ஆபீசுக்கு வரச் சொல்லுது. இன்னுமா புரியலை அண்ணே? உங்களைக் கழட்டிவிடப் போகுது. பதினெட்டு ஆயிட்டா சட்டம் அது பக்கம்."

இப்போது அந்தப் பேப்பர்தான் ஜன்னல் பலகையில் கிடந்தது.

"முதல்ல பேப்பரைப் படி. அப்புறம் கத்து" என்றாள் அவள்.

"கண்ணாடியை வேலை செய்யற இடத்துல விட்டுட்டேன். படிச்சுத்தான் தெரியணுமா? அதான் மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கே."

"எப்பவும் நீ இப்படித்தான். கதவு திறக்கிறதுக்கு முன்னாடியே வெளியே காலை வைப்பே."

வரிசையில் பின்னால் நின்ற மீசைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"பதினெட்டு ஆனா போதும், இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குக் கொம்பு முளைச்சிடுது. வளர்த்த மனுஷனை நடு ஆபீஸ்ல நிக்க வெச்சு என்ன பாடு படுத்துது பாருங்க!"

"அதுவும் பிறந்தநாள் அன்னிக்கே" என்றாள் கைக்குழந்தையோடு நின்ற ஒரு அம்மா. "ஒரு நாள் தாங்கலை பாரு."

பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேனாவை மட்டும் மறுபடி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அவன்தான் வேணும்னா போ, கண்ணு." அவர் குரல் இறங்கிப்போனது. "நான் குறுக்கே நிக்கலை. உனக்கு உரிமை இருக்கு. ஆனா எனக்கும் உனக்கும் ஒண்ணுமில்லைன்னு என் கையாலேயே எழுதி வாங்காதே. அது மட்டும் என்னால முடியாது."

 

ஜன்னலுக்கு உள்ளே இருந்த அம்மாள் முத்திரைக் கட்டையைக் கீழே வைத்தாள்.

"சார், எதுல கையெழுத்துப் போடமாட்டேங்கிறீங்கன்னு தெரியுமா?"

"தெரியும். விடுதலைப் பத்திரம்."

"விடுதலையா? ஆயுள் தண்டனை சார் இது! தத்து எடுக்கிற மனு. உங்களை அப்பான்னு பதியச் சொல்லிப் பொண்ணு கொடுத்திருக்கு. அவங்க அம்மா காலையிலேயே வந்து கையெழுத்துப் போட்டுட்டு வேலைக்குப் போயாச்சு. உங்க இடம்தான் காலியாக் கிடக்கு."

அவர் மனுவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி மனுவைப் பார்த்தார்.

"அப்ப... அவனுக்குப் போட்ட லெட்டர்?"

"இத்தனை நாளும் அந்த ஆளு சம்மதிச்சாத்தான் ஆகும்னாங்க. அவர் மாட்டவே மாட்டேன்னுட்டார். இன்னியிலிருந்து எனக்குப் பதினெட்டு, இந்த நாட்டுச் சட்டப்படி அவரைக் கேட்கவே வேண்டாம், என் சொல்லே செல்லும். 'இனிமே உங்க சம்மதம் தேவையில்லை'ன்னு எழுதிப் போட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, கழுதை!"

"சொல்லி, நடக்காமப் போனா? உன் மூஞ்சியை யாரு பார்க்கிறது?"

அவர் பேனாவைத் தேடினார். கைக்கு எதிரிலேயே இருந்தது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. பின்னாலிருந்து ஒரு கை நீண்டது.

"இந்தாங்க சார், என் பேனா நல்லா எழுதும்" என்றார் மீசைக்காரர், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல்.

அவர் அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். ஒரு தடவை போட வேண்டிய இடத்தில் இரண்டு தடவை போட்டார். முத்திரை விழுந்த சத்தத்தில் யாரோ கை தட்டினார்கள். பிறகு வரிசை முழுக்கத் தட்டியது.

"அம்மா, இதை எதுக்காகவும் திருப்பி அனுப்பிட மாட்டீங்களே?" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"திருப்பி அனுப்பினதெல்லாம் போதும் சார்" என்றாள் அந்த அம்மாள். "பதிமூணு வயசுலேருந்து ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் இந்த ஜன்னல்ல வந்து நின்னு, 'எனக்கு இப்ப வயசு போதுமா மேடம்?'னு கேட்ட பொண்ணு இது."