பேஸ்மென்ட் தேவாரம்

பியர்பொன்ட்ஸ் நகரிலுள்ள தன் வீட்டின் பேஸ்மென்டில் பேரின்பநாதனும் அவருடைய இரண்டு சிநேகிதர்களும் போத்தலைத் திறந்து கிளாசில் ஊற்றினார்கள். அந்த நேரம் பார்த்து அவர் மனைவி ஞானாம்பிகை, மற்ற இருவரின் மனைவிமாரோடு படியிறங்கி வந்து, வரிசையாக நின்று தேவாரம் பாடத் தொடங்கினாள்.

தேவாரம் கேட்டால் எழும்பி நின்றே பழகிய ஆண்கள். மூவரும் கிளாசை வைத்துவிட்டு எழுந்து கைகூப்பினார்கள். ஒன்று முடிய அடுத்தது தொடங்கியது. கிளாசில் ஐஸ் கரைந்து தண்ணீரானது.

அவள் மூச்சு வாங்கிய இடைவெளியில் சிநேகிதர்களில் ஒருவனான திருமாறன் கேட்டான். "என்னக்கா இது?"

"அந்தக் காலத்திலை அமெரிக்காவிலை பொம்பிளையள் சாராயக்கடைக்குள்ளை போய் முழங்காலிலை நிண்டு செபம் பண்ணினவை, தம்பி. கனக்கக் கடையள் பூட்டுப்பட்டுதாம். எங்களுக்குத் தெரிஞ்சது தேவாரம்தானே!"

பேரின்பநாதன் பாய்ந்தார். "இதெல்லாம் ஆர் உமக்குச் சொல்லித் தந்தது? வந்த ஆக்களுக்கு முன்னாலை மானத்தை வாங்கிறீர்!"

அவள் அடுத்த தேவாரத்தை எடுத்தாள். அது முடிந்ததும் சிநேகிதர்கள் மனைவிமாரைக் கூட்டிக்கொண்டு காரில் ஏறிவிட்டார்கள்.

கதவைச் சாத்திய ஞானாம்பிகை சிரித்தாள். "இஞ்சாருங்கோ, நீங்கள் வாசிச்சுச் சொன்னமாதிரியே செய்தனான். சரியோ?"

"திறம்! இனிக் குடிக்கமாட்டன் எண்டு அவங்களுக்குச் சொல்ல எனக்கு வாய் வராதெண்டுதானே உம்மைக் கேட்டனான். ஆனா அடுத்த சனி இடைவெளி விடாமல் பாடும்."

"ஏன், திருமாறன் கிளாசை எடுக்கப் பாத்தவனோ?"

"இல்லையப்பா. நீர் அமெரிக்காக் கதை சொல்லேக்கை என்ரை கைதான் போனது."