ஹெல்மெட்டுக்குள் மிக்கேல்

பதினோராம் மாடி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான் ஏசி மெக்கானிக் இசக்கி. வெளியே ஏசிப் பெட்டியைத் தாங்கிய இரும்பு ஸ்டாண்டு துருவேறி உதிர்ந்துகொண்டிருந்தது. இடுப்புக் கயிற்றை மாட்ட ஒரு கொக்கிகூட இல்லை.

"ஒண்ணும் ஆகாது, மாப்ள. எறங்கு," என்றது அவன் போட்டிருந்த ஹெல்மெட்டுக்குள் மிக்கேலின் குரல்.

மிக்கேல் செத்து இரண்டு வருடம் ஆகிறது. இருபது வருடம் இருவரும் ஒன்றாகத் தொழில் பார்த்தவர்கள். அவன் வேலை நேரத்தில் பேசியதையெல்லாம் கேட்டுப் பழகிய இந்த ஏஐ ஹெல்மெட், எந்த வீட்டிலும் அவன் என்ன சொல்லியிருப்பானோ அதையே சொல்லும். அதைக் கழற்றி வைக்க இசக்கிக்கு மனசு வரவில்லை.

மிக்கேல் ஒரு வேலையையும் மறுத்ததில்லை. இதே போன்ற ஸ்டாண்டில்தான் கடைசியாகக் கால் வைத்தான். அது ஆடியதை ஸ்பேனரோடு உள்ளே நின்ற இசக்கியும் பார்த்தான். வாய் திறக்கவில்லை.

"குழந்தை வெக்கையில தொவண்டு கெடக்குண்ணே. அஞ்சு நிமிஷ வேலைதானே?" என்றாள் வீட்டுக்காரப் பெண்.

இசக்கி ஜன்னலைச் சாத்தினான்.

"முடியாதும்மா. இந்த ஸ்டாண்டு ஆளைத் தாங்காது. வேற யாரையும் எறக்கிராதீங்க. புதுசு அடிச்சதும் நானே வாறேன். அதுவரைக்கும் பிள்ளையக் கீழ் வீட்டுல படுக்க வைங்க."

அவன் படியிறங்கும்போது ஹெல்மெட் மறுபடி பேசியது. குரலில் கோபமே இல்லை.

"அன்னைக்கு எங்கிட்ட இத ஏன் சொல்லல, மாப்ள?"