பெயரில்லாப் படிவம்

"அந்தக் கம்பெனிக்காரன்கிட்ட எவ்வளவு வாங்கினீங்க?" நேரடியாகவே கேட்டார் பதிவாளர்.

பல்கலைக்கழக ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டுக்கு வந்த இரண்டு திட்டங்களில், கட்டணம் கூடியதையே கண்காணிப்பாளர் விடாப்பிடியாகப் பரிந்துரைத்திருந்தார்.

"சத்தியமா இல்லை சார். மலிவான திட்டத்துல, ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு மூணு வருஷம் எதுவும் தரமாட்டாங்க."

"இங்க யாருக்கு அப்படி நோய் இருக்கு? எனக்கே காது குத்தறீங்களா?"

"ஊழியர்கள்கிட்ட பேர் போடாம படிவம் வாங்கச் சொன்னீங்களே சார், அதுல ஒண்ணு இது."

வெடுக்கென்று பிடுங்கிப் படித்தார்.

'நூலகப் பிரிவு. மார்பகப் புற்றுநோய். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.'

"யாருன்னு தெரியலை, பாவம்" என்றார் கண்காணிப்பாளர்.

பதிவாளருக்குத் தெரிந்தது. 'நூலகத்தில் வேலை அதிகம், வரத் தாமதமாகும்' என்று இன்று காலையும் இதே கையெழுத்தில்தான் அவர் மனைவி சீட்டு எழுதி வைத்திருந்தாள்.